மாடர்ன்: காலத்தைச் சுட்டிய சொல் பாராட்டாக மாறிய வரலாறு

தமிழ்நாட்டின் நெடுஞ்சாலை ஓரங்களில் நெல் அரைவை ஆலைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனால் ‘மாடர்ன் ரைஸ் மில்’ என்ற மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1930களில் நிறுவிய படக் கம்பெனிக்கு மாடர்ன் தியேட்டர்ஸ் என்று பெயர். ஆங்கிலம் ஒரு வரிகூடப் படிக்காதவர்களும் தாராளமாகப் புழங்கும் சொல் இது. பலகையில் எழுதும்போது அதற்கு ‘மேலானது, நம்பி வரலாம்’ என்று பொருள். அதே சொல்லை ஒரு பெண்ணின் உடையைப் பற்றிச் சொல்லும்போது, சொல்பவரைப் பொறுத்து அது பாராட்டாகவும் இருக்கும், குறையாகவும் இருக்கும். ஆக, இன்று மாடர்ன் என்பது மதிப்பெண் போடும் சொல். அது பிறந்தபோது இந்த வேலையைச் செய்யவில்லை என்பதும், ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் வரை அதற்கு நிலையான பாராட்டுப் பொருள் கிடையாது என்பதும், அந்தப் பொருள் ஒட்டிக்கொண்ட இடத்தைக் கண்டுபிடித்தால் நம் வரலாற்றுப் புத்தகங்களில் உள்ள ஒரு பெரிய கோணலும் கூடவே தெரியும் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

சொல்லின் வேரிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் ‘மோடுஸ்’ என்றால் அளவு. அதிலிருந்து வந்த ‘மோடோ’ என்ற சொல்லுக்கு முதற்பொருள் ‘அளவோடு, அவ்வளவே’. அதாவது நம்முடைய ‘மட்டும்’. தமிழிலும் மட்டு என்றால் அளவு, எல்லை. மட்டான விலை என்கிறோம், மட்டுமரியாதை என்கிறோம். அதிலிருந்தே ‘மட்டும்’ வந்தது. அளவைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘மட்டும்’ என்ற பொருளுக்கு இரண்டு மொழிகளும் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. இதைப் பார்த்ததும் மோடுஸ் தமிழிலிருந்து போனது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உறவில்லாத மொழிகளிலும் மனித மனம் ஒரே தடத்தில் நடப்பதுண்டு. இது அப்படிப்பட்ட ஒன்று. லத்தீன் மோடோ அடுத்த அடியாகக் காலத்துக்குள் நுழைந்தது. ‘இந்தக் கணம் மட்டும்’ என்ற கருத்திலிருந்து ‘இப்போதுதான், சற்று முன்புதான்’ என்ற பொருள் கிளைத்தது. பிறகு அதன் மேல் பெயரடை விகுதி ஏறியது. லத்தீனில் இன்று என்பதற்கு ‘ஹோடியே’, இன்றைய என்பதற்கு ‘ஹோடியெர்னுஸ்’. அந்த அச்சில் வார்த்து எடுத்ததுதான் ‘மோடெர்னுஸ்’. இன்று இன்றைய ஆவதுபோல், நேற்று நேற்றைய ஆவதுபோல், இப்போது இப்போதைய ஆகியது. அவ்வளவுதான் அதன் பொருள்: இப்போதைய. சிறந்த, முன்னேறிய, துணிந்த என்ற எதுவும் அதற்குள் இல்லை.

இந்தச் சொல் எப்போது பிறந்தது என்பதுதான் இதைவிட முக்கியம். சிசெரோவும் விர்ஜிலும் எழுதிய, ரோம் உச்சத்தில் இருந்த காலத்தில் மோடெர்னுஸ் என்ற சொல் இல்லை. புதியதைச் சொல்ல அவர்களிடம் ‘நோவுஸ்’ இருந்தது. ஆனால் ‘புதிய காரியங்கள்’ என்ற தொடருக்கு அவர்கள் மொழியில் ஆட்சிக் கவிழ்ப்பு என்று பொருள். புதுமையை அவர்கள் எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. மோடெர்னுஸ் நமக்கு முதன்முதலாகக் கிடைப்பது 5ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், போப் கெலாசியுஸ் எழுதிய கடிதங்களில். திருச்சபையின் பழைய விதிகளிலிருந்து அண்மையில் வந்த ஆணைகளைப் பிரித்துக் காட்ட அவர் அதைப் பயன்படுத்துகிறார். அலுவலகக் கோப்பில் பழைய அரசாணை, நடப்பு அரசாணை என்று பிரிப்பதுபோன்ற வேலை அது. அப்போது மேற்கு ரோமப் பேரரசின் கடைசிச் சக்கரவர்த்தி பதவியிறக்கப்பட்டு (476) இருபது ஆண்டுகள்கூட முடியவில்லை. இத்தாலியை ஆண்டவர்கள் கோத்தியர்கள். ஒரு மாபெரும் ஏற்பாடு கண்முன் முடிந்துபோன பின், அந்தக் காலம் வேறு, நம் காலம் வேறு என்று சொல்லவேண்டிய தேவை வந்தது. அந்தத் தேவைதான் இந்தச் சொல்லைப் பெற்றது.

அந்த மனநிலையைக் கிட்ட இருந்து பார்க்க ஒரு கடிதம் இருக்கிறது. கோத்திய மன்னர் தியோடெரிக்கின் அரண்மனையில் கடிதம் வரையும் பொறுப்பில் இருந்த காசியோடோருஸ், மன்னர் பெயரில் சிம்மாக்குஸ் என்ற ரோமானியப் பெருங்குடி மகனுக்கு எழுதியது. ரோமில் தளபதி பாம்பே கி.மு. 55இல் கட்டிய கல் அரங்கம் அப்போது ஐநூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. கல்லும் கட்டும் விட்டுப்போய் இடிந்துகொண்டிருந்தது. இவ்வளவு பெரிய பாறைகளும் முதுமைக்குத் தோற்குமா என்று வியக்கும் கடிதம், கருவூலத்திலிருந்து பணம் தருகிறோம், எடுத்துக்கட்டுங்கள் என்கிறது. அந்தக் கடிதத்தில் சிம்மாக்குஸை இரண்டு அடைகள் சேர்த்துப் போற்றுகிறார்: முன்னோரை மிகக் கவனமாகப் பின்பற்றுபவர், மோடெர்னுஸ்களுக்கு, அதாவது இக்காலத்தாருக்கு, வழிகாட்டும் ஆசிரியர். இங்கே இக்காலத்தார் கற்கவேண்டியவர்கள், பாடம் முன்னோருடையது, நல்ல மாடர்ன் மனிதர் என்பவர் பழைய கட்டடத்தை விழாமல் தாங்கிப் பிடிப்பவர். அந்தச் சொல்லின் தொடக்க வாழ்க்கையில் எங்கும் இந்தப் பணிவு இருக்கிறது. பழமையை எதிர்த்த கலகக்காரர்கள் உண்டாக்கிய சொல் அல்ல இது. பழமை கையைவிட்டுப் போகிறதே என்று தவித்தவர்கள் உண்டாக்கியது.

இடைப்பட்ட நூற்றாண்டுகளில் இது வளைந்து நெளிந்து வந்தது. எல்லாவற்றையும் இங்கே சொல்ல வேண்டியதில்லை. ஒருவரை மட்டும் விட முடியாது. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில், இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி அரசவையில் இருந்த வால்டர் மேப், ‘மோடெர்னிடாஸ்’ என்ற சொல்லுக்கு ஆண்டுக் கணக்கில் அளவு வைத்தார். கடைசி நூறு ஆண்டுகள்தான் நம் காலம் என்றார். காரணம்கூடச் சொன்னார்: அந்த நூறு ஆண்டில் நடந்தவற்றின் நினைவு இன்னும் பசுமையாக இருக்கிறது, நூறு வயதைத் தொட்ட சிலர் உயிரோடு இருக்கிறார்கள், தந்தையரும் பாட்டன்மாரும் கண்டதைச் சொல்லக் கேட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். பாட்டன் நினைவு எட்டும் தூரம்வரை நம் காலம், அதற்கு அப்பால் பழங்காலம் என்ற இந்தக் கணக்கைவிடத் தெளிவாக இந்தச் சொல்லை அவருக்குப் பின் வந்தவர்களும் விளக்கவில்லை என்பது என் மதிப்பீடு. ஒவ்வொரு யுகத்துக்கும் அதனதன் நிகழ்காலம் பிடிக்காமலே இருந்திருக்கிறது என்றும் அவர் குறிப்பிட்டார். பாராட்டுச் சொல்லாக இருந்திருந்தால் அப்படி ஒரு குறிப்புக்கு இடமே இல்லை.

இடைக்காலத்திலேயே சிலர் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்களே என்று ஒருவர் மறுக்கலாம். பல்கலைக்கழகங்களில் ‘மாடர்ன் வழி’ என்ற பெயரில் ஒரு தத்துவப் பிரிவு இருந்தது; 14ஆம் நூற்றாண்டில் கீர்ட் குரோட்டே தொடங்கிய பக்தி இயக்கத்துக்கு ‘மாடர்ன் பக்தி’ என்றே பெயர். உண்மைதான். ஆனால் அந்த இயக்கம் எதைக் கேட்டது? ஆடம்பரத்தை விடுங்கள், ஆதித் திருச்சபையின் எளிய வாழ்வுக்குத் திரும்புங்கள் என்று கேட்டது. தமிழ்க் கிறிஸ்தவர்களும் தலைமுறைகளாகப் படித்துவரும் ‘கிறிஸ்துவைப் பின்பற்றுதல்’ நூல் அந்த மரபில் வந்ததுதான். பெயரில் இப்போதைய பக்தி. நோக்கம் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பக்தி. இன்னொரு சான்று இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. 1460களில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஃபிலரேட்டே எழுதிய நூலில் மாடர்ன் கட்டடம் என்பது வசைச்சொல். கூர்மாட வளைவுகள் கொண்ட, இன்று நாம் கோதிக் என்று அழைக்கும் பாணியைத்தான் அவர் மாடர்ன் என்றார். அதைக் கைவிட்டு ரோமானியரின் பழைய பாணிக்குத் திரும்பச் சொன்னார். மறுமலர்ச்சிக் காலத்தின் புதுமை விரும்பிகள் தங்கள் கொடியில் எழுதிக்கொண்ட சொல் ‘பண்டைய’ என்பதுதான். ஒரே சொல் ஓரிடத்தில் உவப்பாகவும் ஓரிடத்தில் வெறுப்பாகவும் வருகிறதென்றால், அந்த உவப்பும் வெறுப்பும் சொல்லுக்குள் இல்லை, பேசுபவரிடம் இருக்கின்றன.

ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக இது வந்து சேர்ந்தது 15ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி. வந்த சொல் அங்கே எதிர்பாராத ஒரு பொருளை ஏற்றுக்கொண்டது. மக்பெத் நாடகத்தில், ஸ்காட்லாந்திலிருந்து தப்பி வரும் ராஸ் தன் நாட்டின் நிலையைச் சொல்கிறான். சாவு மணி அடித்தால் யாருக்காக என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கொடிய துயரம்கூட அங்கே ‘மாடர்ன்’ உணர்ச்சி ஆகிவிட்டது என்கிறான். இன்றைய வாசகர் இந்த இடத்தில் தடுக்கி விழுவார். ஷேக்ஸ்பியர் சொல்வது ‘சாதாரண, அன்றாட’ உணர்ச்சி. வேறு நாடகங்களிலும் அவர் இந்தப் பொருளிலேயே இச்சொல்லை ஆள்கிறார். இப்போது எங்கும் இருப்பது எதுவோ அது அன்றாடமானது, அன்றாடமானது மலிவானது. இப்படித்தான் இப்போதைய என்பது சாதாரண என்றானது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியைப் பிரித்துப் பார்த்தால் இந்தச் சொல்லுக்கு இரண்டே பொருள்கள் உள்ளன. ஒன்று, அண்மைக் காலத்திய, பழமையல்லாத. மற்றொன்று ஷேக்ஸ்பியரில் வரும் பொருள் என்ற குறிப்போடு: மட்டமான, பொதுவான. மேலான, முன்னேறிய என்ற பொருள் அந்தப் பக்கத்தில் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் அதற்குள் விதை விழுந்துவிட்டது. 1687 ஜனவரி 27 அன்று பாரிஸில் பிரெஞ்சு அகாதெமியின் கூட்டத்தில் சார்ல் பெரோ ஒரு கவிதை படித்தார். சிண்ட்ரெல்லா கதையைப் பத்தாண்டு கழித்து எழுதி வெளியிட்டவர் அவரேதான். பதினான்காம் லூயியின் காலம் அகஸ்டஸின் காலத்துக்குக் குறைந்ததல்ல, பண்டையோர் பெரியோர்தான், ஆனால் அவர்களும் நம்மைப்போன்ற மனிதர்களே என்பது கவிதையின் சாரம். அவையில் இருந்த கவிஞர் புவாலோ கொதித்துப்போனார். அங்கே மூண்ட சண்டை கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனது. வில்லியம் டெம்பிள் 1690இல் பண்டையோர் பக்கம் நின்று எழுதினார். வில்லியம் வோட்டன் 1694இல் பதில் எழுதினார். டெம்பிளிடம் செயலாளராக இருந்த ஜோனதன் ஸ்விஃப்ட் ‘புத்தகங்களின் போர்’ எழுதி 1704இல் வெளியிட்டார். அந்தக் கதையில் மாடர்ன்கள் சிலந்திகள். தங்கள் வயிற்றிலிருந்தே நூல் இழுத்து வலை பின்னுகிறோம் என்று பெருமை பேசுபவர்கள். பண்டையோர் பூப்பூவாகப் போய்த் தேனும் மெழுகும் சேர்க்கும் தேனீக்கள். இந்த நூல்களில் நான் அதிகம் மதிப்பது வோட்டனுடையதை. தொலைநோக்கி, நுண்ணோக்கி, 1628இல் ஹார்வி விளக்கிய ரத்த ஓட்டம் ஆகியவற்றைக் காட்டி, இயற்கை அறிவில் இக்காலத்தார் முந்திவிட்டார்கள் என்றார். அதே மூச்சில், கவிதையிலும் சொல்வன்மையிலும் பண்டையோரின் மேன்மைக்குக் குறைவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். துறை துறையாகப் பிரித்து, சான்று காட்டி, எங்கே முந்தினோம் எங்கே முந்தவில்லை என்று எழுதினார். அவருக்கு மாடர்ன் என்பது விசாரணைக்கு வந்த ஒரு தரப்பின் பெயர் மட்டுமே; அந்தப் பெயரையே தீர்ப்பாக அவர் எழுதவில்லை.

அந்தப் பெயரே தீர்ப்பாக மாறியது 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டில் முற்றிய மாற்றம். ஆங்கிலச் சொற்களின் சமூக வரலாற்றை ஆராய்ந்த ரேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட நூலில் இதையே பதிவு செய்தார்: 19ஆம் நூற்றாண்டுவரை இந்தச் சொல்லும் இதன் கிளைச்சொற்களும் பெரும்பாலும் குறைத்துப் பேசவே பயன்பட்டன, பிறகு காற்று திசை மாறி, மாடர்ன் என்றாலே மேம்பட்டது என்றாகிவிட்டது. காரணம் கண்கூடானது. நீராவி, ரயில், தந்தி, மயக்க மருந்து என்று ஒரே தலைமுறைக்குள் வாழ்க்கை மாறியது. பொறியில் அடுத்த ஆண்டு வருவது இந்த ஆண்டினதைவிட மேல் என்பது பெரும்பாலும் உண்மையாக இருந்தது. பொறிக்குப் பொருந்திய அளவுகோலை மனிதர்கள் வீட்டுக்கும் உடைக்கும் பழக்கவழக்கத்துக்கும் எடுத்துப்போனார்கள். இந்த வெள்ளத்தின் நடுவிலும் சொல்லின் பழைய நேர்மையைக் காப்பாற்றியவர் கவிஞர் போதலேர். ஓவியர் கான்ஸ்டன்டின் கீஸைப் பற்றி அவர் எழுதி 1863இல் வெளிவந்த கட்டுரையில், கலையில் ஒரு பாதி நிலையானது, மறு பாதி கணத்தில் மறைவது, அந்த மறையும் பாதிதான் மாடர்ன் தன்மை என்றார். பழைய ஓவியர் ஒவ்வொருவருக்கும் அவரவர் மாடர்ன் காலம் இருந்தது என்றும் சொன்னார். வால்டர் மேப் எழுதி ஏறத்தாழ 700 ஆண்டுக்குப் பிறகும் அதே எண்ணம் உயிரோடு இருந்தது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று வரும். சொல்லின் பிறப்பு என்னவாக இருந்தால் என்ன, இன்று மக்கள் எந்தப் பொருளில் ஆள்கிறார்களோ அதுதானே பொருள் என்பது. நாற்றம் என்ற தமிழ்ச் சொல் ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது என்பதற்காக, பூக்கடையில் போய் நாற்றமாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா? முடியாது. அந்த மறுப்பை முழுதாக ஏற்கிறேன். மாடர்ன் என்பதைப் பழைய பொருளுக்கே திருப்பிக் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் நாற்றத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாற்றம் பழைய பொருளைக் கழற்றிவிட்டது. மாடர்ன் பழைய பொருளைக் கழற்றவில்லை. காலம், தரம் இரண்டையும் ஒரே மூட்டையில் சுமக்கிறது. ஒருவர் காலத்தைச் சொல்வதாகத் தொடங்கித் தரத்தைச் சொல்லி முடிக்கலாம். கேட்பவருக்கு இடையில் நடந்த மாற்றம் தெரியாது. முன்னேற்றம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதும் என் கட்சி அல்ல. பெரியம்மை ஒழிந்தது முன்னேற்றம். அதை யாரும் மறுக்க முடியாது. அந்த முன்னேற்றத்தை நிறுவுவது அம்மைக் கணக்கு, நாட்காட்டி அல்ல. வோட்டன் செய்த அந்த வேலையை மாடர்ன் என்ற சொல் நமக்குப் பதிலாகச் செய்துவிட முடியாது.

இந்த மூட்டை நம் தலையில் ஏறிய இடம் வரலாற்றுப் பாடம். ஜெர்மானிய ஆசிரியர் கெல்லாரியுஸ் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலக வரலாற்றைப் பண்டையது, இடைக்காலத்தது, புதியது என்று மூன்று நூல்களாகப் பிரித்தார். 1453இல் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் கைக்குப் போனதோடு அவருடைய இடைக்காலம் முடிகிறது. ரோம் விழுந்தது, ரோமை மீட்டெடுத்தோம், நடுவில் இருந்தது இடைக்காலம் என்ற ஐரோப்பிய அனுபவத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தும். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத ஜேம்ஸ் மில் 1817இல் எழுதிய நூலில் இந்திய வரலாற்றை இந்துக் காலம், முஸ்லிம் காலம், பிரிட்டிஷ் காலம் என்று வெட்டினார். பின்னால் வந்தவர்கள் மதப் பெயர்களை நீக்கிவிட்டு அந்த மூன்றின் மேல் பண்டைய, இடைக்கால, நவீன (அதாவது மாடர்ன்) என்ற ஒட்டுகளை ஒட்டினார்கள். வெட்டு அதே வெட்டு. அதன்பின் நவீன இந்தியா என்ற தலைப்பு 1707இலோ 1757இலோ தொடங்குவது வழக்கமாயிற்று. கம்பெனி ஆட்சி வந்ததைச் சொல்லவேண்டிய அத்தியாயத்துக்கு, மேம்பட்டது என்று காதில் விழும் சொல் தலைப்பாகிவிட்டது. பள்ளிப் பிள்ளை கால அடையாளத்தைப் படிக்கிறது. மதிப்பெண்ணையும் சேர்த்து விழுங்குகிறது.

தமிழகத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாக உதைக்கிறது. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919க்கும் 921க்கும் உரியவை, ஊர்ச்சபைக்கு யார் நிற்கலாம், யார் கூடாது, குடவோலை எப்படி எடுக்க வேண்டும் என்று விதி விதியாகச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது என்ற விதியும் அதில் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது. இவை இரண்டும் நம் பாடநூல் வரிசையில் இடைக்காலம். எதற்கும் எதற்கும் இடையில்? இங்கே விழுந்த ரோமும் இல்லை, மீண்ட ரோமும் இல்லை. தமிழ்ப் பாடநூல் எழுதுபவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். காலத்தைச் சொல்லும் இடத்தில் நூற்றாண்டையே எழுதுங்கள்: 10ஆம் நூற்றாண்டுத் தமிழகம், 18ஆம் நூற்றாண்டுத் தமிழகம். நம் நாளைக் குறிக்க இக்கால, தற்கால என்ற நல்ல சொற்கள் கையில் இருக்கின்றன. தரத்தைச் சொல்லவேண்டிய இடத்தில், எது எதைவிட எவ்வகையில் மேல் என்பதை ஒரு வாக்கியம் செலவழித்து எழுதிவிடுங்கள்.